வாசகர் கேள்வி: கறுப்பில் மட்டும் வெள்ளைக் கோடுகள்

கேள்வி: எங்கள் வீட்டில் எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. கோடை விடுமுறையில் அதை யாரும் தொடவில்லை. பள்ளி திறந்ததும் அச்சிட்டுப் பார்த்தால் வண்ணங்கள் ஒழுங்காக வருகின்றன. கறுப்பு எழுத்துகளின் நடுவே மட்டும் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. பலமுறை ஹெட் கிளீனிங் (மையை உமிழும் பகுதியான ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்யும் வசதி) கொடுத்தும் பயனில்லை. ஹெட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். அவர் கேட்கும் தொகையுடன் இன்னும் சிறிது சேர்த்தால் புதிய பிரிண்டரே வாங்கிவிடலாம். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. முதலில் ஹெட் கிளீனிங் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பிரிண்டர் தன் பம்பால் மையை ஹெட் வழியாக உறிஞ்சி, உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டினால், பிரிண்டர் அச்சிடவே மறுத்துவிடும். அதற்குப் பதிலாக, ஹெட்டின் மைத் துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் பக்கத்தைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளிகள் இரண்டிலும் அதே இடங்களில் இருந்தால் மை காய்ந்து அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இடம் மாறி மாறி விழுந்தால் பெரும்பாலும் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. காற்றுக்கு மருந்து ஓய்வுதான்: டேங்கில் போதிய மை இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிரிண்டரை அணைத்து, 12 மணி நேரமாவது விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

கறுப்பு மட்டும் ஏன் அடைக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பல மாடல்களில் வண்ண மைகள் நீரில் முழுவதும் கரைந்த சாயங்கள். கறுப்போ நீரில் மிதக்கும் நுண்ணிய நிறமித் துகள்களால் ஆனது. சாயம் காய்ந்தாலும் ஈரம் பட்டதும் ஓரளவு கரைந்துவிடும். நிறமித் துகள்கள் காய்ந்து ஒன்றோடொன்று இறுகிவிட்டால் அவற்றை இளக்க நேரம் பிடிக்கும். தலைமுடியைவிட மெல்லிய துளைகளில் இது நடக்கிறது என்பதால், பலத்தைக் காட்டி எதையும் சாதிக்க முடியாது.

உங்கள் பிரிண்டரில் ஹெட் இயந்திரத்துடனே இருப்பது; எளிதில் கழற்ற முடியாது. எனவே ஹெட் ஓய்வெடுக்கும் இடத்தையே நனைப்பதுதான் நான் பரிந்துரைக்கும் முறை. ஒரு பக்கம் அச்சிடக் கொடுத்து, ஹெட் ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வந்ததும் மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஹெட் இருந்த மூலையில் ரப்பர் விளிம்புடன் சிறு பஞ்சு தெரியும். அதில் டிஸ்டில்டு வாட்டரைச் சிரிஞ்சால் சில சொட்டுகள், விளிம்பைத் தாண்டி வழியாத அளவுக்கு, விடுங்கள். அருகிலுள்ள ரப்பர் துடைப்பானில் மை பிசின்போல் ஒட்டியிருந்தால், ஈரத் துணியால் அதையும் துடைத்துவிடுங்கள். துடைத்த அழுக்கையே மறுபடி ஹெட்டில் பூசும் துடைப்பான்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு மின்சாரம் கொடுத்தால் ஹெட் தானாகத் தன் மூலைக்குத் திரும்பி அந்த ஈரத்தின்மேல் அமரும். பிரிண்டரின் பொத்தானால் அணைத்து, இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் ஒரே ஒரு ஹெட் கிளீனிங்கும் நாசில் செக்கும் கொடுங்கள். கோடுகள் குறைந்திருந்தால் அடுத்த இரவும் இதையே செய்யலாம்.

குழாய்த் தண்ணீர், அதிலும் ஆழ்துளைக் கிணற்று நீர், வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து புதிய அடைப்பாகிவிடும். கொதிநீரும் கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதிலுள்ள அம்மோனியா அடைப்பை இளக்கக்கூடும் என்றாலும், ஹெட்டின் பசையையும் உலோகத்தையும் அது என்ன செய்யும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சிரிஞ்சை ஹெட்டின் மை நுழைவாயிலில் பொருத்தி அழுத்தித் தள்ளுவதும் ஆபத்தே: உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குகள் கிழிந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சில இரவுகள் கடந்தும் அதே இடங்களில் அதே இடைவெளிகள் அசையாமல் நின்றால், பழுதுபார்ப்பவர் சொல்வதை நம்பலாம். அப்போதும் ஹெட் மாற்றும் செலவு புதிய பிரிண்டரின் விலையை நெருங்குமானால், நான் புதியதையே வாங்குவேன்.

கேள்வி: என்னுடையது எச்பி பிரிண்டர், கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டலாம். எனக்கும் இதே முறைதானா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் வேலை எளிது. உங்கள் வகையில் பெரும்பாலும் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருப்பதால், அதைக் கழற்றி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூ காகிதத்தின்மேல் துளைகள் கீழ்நோக்க ஓரிரு நிமிடங்கள் வைத்து, பின் உலர்ந்த காகிதத்தில் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். மைத்தடம் தெளிவாக விழுந்தால் அடைப்பு விட்டது. செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் நீர் பட்டிருந்தால் நன்கு உலர்த்திய பிறகே மாட்டுங்கள். இந்த வகை ஹெட் மையைச் சூடாக்கிக் குமிழியாக்கி உமிழ்கிறது. மை தீர்ந்த பின்னும் தொடர்ந்து அச்சிட்டால் அந்தச் சூடேற்றி எரிந்துபோகலாம். அப்படி எரிந்ததை எந்தக் கழுவலும் மீட்காது, கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று: வாரம் ஒருமுறை எல்லா நிறங்களும் கலந்த ஒரு பக்கம் அச்சிடுங்கள். அணைக்கும்போது சுவர் ஸ்விட்சைத் தட்டாமல் பிரிண்டரின் பொத்தானையே அழுத்துங்கள். ஹெட் தன் மூலையிலுள்ள ரப்பர் மூடியின்மேல் போய் அமர்ந்த பிறகே மின்சாரம் நிற்க வேண்டும்.