மலிவு ரைபிளின்ட போல்ட் இறுக்கமா இருந்தா என்ன செய்யலாம்?

தம்பி, ஒண்டாரியோவில மான் வேட்டைக்கெண்டு விலை குறைஞ்ச ரைபிள் ஒண்டு வாங்கினீங்கள், போல்ட் (தோட்டா நிக்கிற அறையைப் பின்னால பூட்டுற, கைபிடி வைச்ச இரும்பு உருளை) தூக்கேக்க இறுக்குது, இழுக்கேக்க கரகரக்குது, சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கட்டோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். இப்ப தேய்க்காதேங்கோ, முதல் எது இறுக்குது எண்டு பாப்பம்.

நான் யாழ்ப்பாணத்தில கோண்டாவில்ல லேத் பட்டறை வைச்சிருக்கிறன். இஞ்ச லைசென்ஸ் இல்லாமல் ஒருத்தரும் துவக்கு வைச்சிருக்கேலாது, அதால துவக்கு எங்கட பட்டறைக்கு வாற சாமான் இல்லை. ஆனா 2 வருசத்துக்கு முதல் கனடாவில மச்சான் வீட்டில நிக்கேக்க அவன்ட ரைபிளுக்கும் இதே கரைச்சல், லைசென்ஸ்காரன் அவன் பக்கத்தில இருக்க ரெண்டு பின்னேரம் அதோட மினக்கெட்டனான்.

தோட்டா அடுக்கிற மகசினைக் கழட்டி, துவக்கின்ட அறைக்குள்ள தோட்டா இல்லையெண்டு கண்ணாலயும் விரலாலயும் பாத்த பிறகுதான் மற்றதெல்லாம். போல்ட்டை வெளிய எடுத்து, துவக்கோட வந்த புத்தகத்தில சொன்னபடி உள்ளுக்கிருக்கிற ஸ்ட்ரைக்கரையும் (தோட்டாவின்ட பின்பக்கம் அடிக்கிற ஊசி) அதின்ட ஸ்பிரிங்கையும் கழட்டிப்போட்டு, வெறும் போல்ட்டை மட்டும் திரும்பப் போட்டுத் தூக்கிப் பாருங்கோ. மச்சான்டது அப்ப ஒரு விரலுக்கு வந்திட்டுது. அப்ப இறுக்கம் போல்ட் ஓடுற பாதையில இல்லை, ஸ்பிரிங்கில. இந்த வகைத் துவக்குகளில கைபிடியைத் தூக்கேக்கதான் ஸ்பிரிங் அமுங்கும், அதுவும் 3 லக் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கிற முனைப்பு) வைச்ச போல்ட் எண்டா 60, 70 பாகைக்குள்ள அந்த வேலை முடியவேணும், 90 பாகை தூக்கிற 2 லக் போல்ட்டை விட அது கையுக்குப் பாரமாத்தான் இருக்கும். பழைய பிரிட்டிஷ் ஆமி ரைபிள் 303 லீ என்ஃபீல்ட் சுகமாத் தூக்குப்படுறது ஏனெண்டா அதின்ட ஸ்பிரிங் முன்னுக்குத் தள்ளேக்கதான் அமுங்கும், அதோட இதை ஒப்பிடாதேங்கோ.

கொம்பனியில பூசி விடுற கிரீசை மண்ணெண்ணெய் தொட்ட பல்லுத்தேய்க்கிற பிரஷால கழுவி வடிவாத் துடையுங்கோ. பிறகு ஸ்ட்ரைக்கரைப் பின்னுக்குத் தள்ளுற அந்தச் சரிவில கடுகளவு கிரீஸ், லக்கின்ட பின்பக்கத்தில கடுகளவு, போல்ட் உடம்புக்கு தையல் மிசின் எண்ணெய் மெல்லிசா. எங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய் எடுப்பினம், அது 24 பாகை செல்சியசிலயே உறையத் தொடங்கும், நவம்பர் குளிருக்குள்ள போல்ட் அப்பிடியே பிடிச்சிடும். கிரீசையும் அள்ளி அப்பினா குளிருக்கு அதே கதைதான். ட்ரிகருக்குள்ள ஒண்டும் விடவேண்டாம்.

பேந்து கழட்டின ஸ்ட்ரைக்கரையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் பூட்டி, டம்மி தோட்டா (மருந்து இல்லாத பொய்த் தோட்டா) போட்டு, குழலைச் சுவர்ப்பக்கம் வைச்சுக்கொண்டு தூக்கி இழுத்துத் தள்ளி அடிச்சுக்கொண்டே இருங்கோ, நாங்கள் 400 தரத்துக்குக் கிட்ட அடிச்சனாங்கள், கரகரப்பு அதிலயே பாதிக்கு மேல போயிட்டுது. இன்னும் ஒரு இடத்தில கொழுவுதெண்டா போல்ட் உடம்பை மார்க்கர் பேனையால கறுப்பாக்கி நாலஞ்சு தரம் ஓட்டிப் பாருங்கோ, எங்க மை உரிஞ்சிருக்கோ அங்கதான் பிசிர். அந்த இடத்தை மட்டும் 1000 நம்பர் பேப்பரில எண்ணெய் தொட்டு மெல்லமா தடவி, துகளைக் கழுவி எடுங்கோ.

ஆனா லக்கில மட்டும் பேப்பரோ கிரைண்டிங் பேஸ்டோ படக்கூடாது. தண்ணி மிசின் வால்வுக்கு பேஸ்ட் போட்டு அரைக்கேக்க வால்வு, சீட் ரெண்டுமே தேயுறதை நான் நெடுக பாக்கிறன், கூடினா வால்வு கீழ இறங்கும், அதுக்கு கிளியரன்சைச் சரிப்பண்ணி விடலாம். துவக்கில லக்கின்ட பின்முகம் தேஞ்சா தோட்டாவுக்குப் பின்னால இடைவெளி கூடிடும், வெடிக்கேக்க தோட்டாவின்ட கோது கிழிஞ்சு காஸ் உங்கட முகத்துக்குத்தான் வரும், அதைத் திருப்பி நிரப்பேலாது. ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்கச் சொல்லியும் ஆக்கள் சொல்லுவினம், கேளாதேங்கோ, அடி காணாமல் தோட்டா வெடிக்காமல் நிக்கும்.

ஒண்டு மறக்காமல் பாருங்கோ, வெறுமனே சுகமா ஓடுற போல்ட் வெடி வைச்ச பிறகு மட்டும் இறுக்குதெண்டா அது கரகரப்பு இல்லை, அழுத்தம் கூடின தோட்டாவா இருக்கலாம் இல்லாட்டி அறையில பிழை, அதோட சுடுறதை நிப்பாட்டிப்போட்டு துவக்கையும் அந்தக் கோதையும் துவக்குத் திருத்துறவரிட்ட கொண்டுபோய்க் காட்டுங்கோ.