அது டாவின்சி வரைந்ததுதானா என்று ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

இயேசுவை உலக ரட்சகராகக் காட்டுகிற ‘சால்வதோர் முண்டி’ ஓவியம் 45 கோடி டாலருக்கு விற்றது, ஆனாலும் அதை லியொனார்டோ டாவின்சிதான் வரைந்தாரா என்று இன்னும் சண்டை போடுகிறார்களே, ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் முடிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று.

என் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் தாத்தா வாங்கி மாட்டிய ரவி வர்மா லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. அது ரவி வர்மா தன் கையால் வரைந்த அசல் என்று சித்தப்பா உறுதியாக நம்புகிறார். சில வருடங்களுக்கு முன் பழம்பொருள் வாங்கி விற்கிற ஒருவரிடம் காட்டினோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து லட்சுமியின் கன்னத்தில் வைத்து, “பாருங்க” என்றார். கன்னம் முழுக்கப் புள்ளி. சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கல்லச்சுப் படங்களில் அதுவும் ஒன்று. நிறத்துக்கு ஒரு கல் வைத்து அச்சடித்தவை. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. சித்தப்பா மட்டும், “அந்த ஆளுக்கு என்ன தெரியும்” என்றபடி படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கருவிகள் இப்படித்தான். ‘இல்லை’ என்று சொல்வதில் கெட்டிக்காரத்தனம் உண்டு. 2022-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ அருங்காட்சியகத்தில் பாஸ்கியா என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தவை என்று 25 படங்களை மாட்டியிருந்தார்கள். எல்லாம் அட்டைத் துண்டுகளில் வரைந்தவை. அதில் ஒரு அட்டையில் ஃபெடெக்ஸ் கூரியரின் அச்சு எழுத்துகள் இருந்தன. அந்த எழுத்து வடிவத்தை கம்பெனி பயன்படுத்தத் தொடங்கியது 1994-இல். பாஸ்கியா இறந்ததோ 1988-இல். அந்த ஜூனில் எஃப்பிஐ வந்து படங்களை எடுத்துக்கொண்டு போனது.

ஆனால் ‘இல்லை’ என்று சொல்ல ஒன்றும் அகப்படாத படத்தை என்ன செய்வது? சால்வதோர் முண்டியின் சிக்கல் அதுதான். அதைப் போலி என்று அந்தத் துறையில் யாரும் சொல்லவில்லை. வால்நட் பலகை, அங்கியில் லாபிஸ் என்ற கல்லைப் பொடித்துச் செய்த விலை உயர்ந்த நீலம், எல்லாம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அதே பலகையும் அதே நீலமும் லியொனார்டோவின் சீடர்களுக்கும் கிடைத்தவைதானே. பட்டறை என்றால் குருவும் சீடர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற இடம். குரு வரைந்து கொடுத்த மாதிரியைச் சீடன் தீட்டுவான், முகத்தை மட்டும் குரு வந்து முடித்துக் கொடுப்பார், சில சமயம் அதுவும் கிடையாது. ஆகவே இந்தப் பட்டறைக்குள் எந்தக் கை என்பதுதான் சண்டை.

கம்பராமாயணப் பதிப்புகளில் ‘மிகைப் பாடல்கள்’ என்று சிலவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ‘இது கம்பன் வாக்கு இல்லை, வெள்ளிபாடல், யாரோ இடையில் செருகியது’ என்று ஒரு புலவர் சொல்வார். இன்னொருவர், ‘ஏன், கம்பனுக்கு இப்படிப் பாட வராதா’ என்று மல்லுக்கு நிற்பார். ஏட்டின் வயதைக் கண்டுபிடித்து அந்தச் சண்டையைத் தீர்க்க முடியுமா?

சரி, படத்தின் கதைக்கு வருவோம். 1900-இல் இங்கிலாந்தின் குக் குடும்பத் தொகுப்பில் சேர்ந்த இந்தப் படம் 1958-இல் லண்டன் ஏலத்தில் 45 பவுண்டுக்குப் போனது. பிறகு 2005-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒரு ஏலத்தில் நியூயார்க் ஓவிய வணிகர்கள் 1,175 டாலருக்கு எடுத்தார்கள். அப்போது அதன் நிலைமை பரிதாபம். பலகை விரிசல் விட்டு ஒட்டப்பட்டிருந்தது. முகத்தில் யாரோ எப்போதோ மேலுக்கு மேல் பூசி வைத்திருந்தார்கள். டயான் மொடஸ்டினி என்ற சீரமைப்பாளர் அதையெல்லாம் நீக்கியபோது, ஆசீர்வதிக்கிற வலது கையில் இரண்டாவது கட்டை விரல் ஒன்று தெரிந்தது. முதலில் ஒரு இடத்தில் வரைந்துவிட்டு, பிடிக்காமல், சற்றுத் தள்ளி மறுபடி வரைந்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டை விரல்தான் ஆதரவாளர்களின் துருப்புச் சீட்டு. பார்த்து வரைகிறவனுக்கு விரல் எங்கே என்று முன்பே தெரியும். மனம் மாறுகிறவன் கற்பனை செய்கிறவன்தான் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீடனுக்கும் மனம் மாறும். அல்லது குரு பின்னாலிருந்து, “விரலைக் கொஞ்சம் சாய்” என்று சொல்லியிருக்கலாம்.

இடது கையில் இருக்கிற கண்ணாடிக் கோளம் அதைவிட வேடிக்கை. கெட்டியான கோளம் என்றால் பின்னாலிருக்கிற அங்கியின் மடிப்புகள் தலைகீழாகவும் கோணலாகவும் தெரிய வேண்டும். படத்தில் அப்படி இல்லை. ஒளியைப் பற்றிக் குறிப்பேடு குறிப்பேடாக எழுதியவர் இதில் தவறுவாரா என்கிறது ஒரு கட்சி. அவருக்குத் தெரியும், பக்திப் படத்தில் கவனம் சிதறக்கூடாது என்று வேண்டுமென்றே விட்டார் என்கிறது மறு கட்சி. கலிஃபோர்னியாவில் கணினி வரைகலை ஆய்வாளர்கள் சிலர், உள்ளே காலியான மெல்லிய கோளம் என்றால் இப்படித்தான் தெரியும் என்று போட்டுக் காட்டினார்கள். ஆக ஒரே கோளம் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது.

என்னைக் கேட்டால், தவறு 2011-இல் நடந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு லண்டன் நேஷனல் கேலரி ஐந்து அறிஞர்களை அழைத்துப் படத்தைக் காட்டியது. அதில் ஒருவரான கார்மென் பம்பாக் பின்னாளில், பெரும்பகுதி போல்ட்ராஃபியோ என்ற சீடருடையது, லியொனார்டோ அங்கங்கே தொட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்று சொன்னார். ஆனால் அதே நேஷனல் கேலரியின் 2011 கண்காட்சியில் படத்தின் கீழே கேள்விக்குறி எதுவும் இல்லாமல் லியொனார்டோ என்று எழுதி மாட்டினார்கள். படம் வணிகர்கள் கையில், விற்கக் காத்திருந்த நேரம் அது. இவ்வளவு பெரிய பொது நிறுவனத்தின் சுவரில் அந்தப் பெயரோடு தொங்கிய பிறகு விலை எங்கே நிற்கும்? 2013-இல் கை மாறிக் கை மாறி ரஷ்யச் செல்வந்தர் ரிபோலோவ்லெவிடம் 12.75 கோடி டாலருக்குப் போனது. 2017 நவம்பர் 15 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸில் 19 நிமிட ஏலத்தில் 45.03 கோடி. அதுவும் பழைய ஓவியங்களின் ஏலத்தில் வைக்காமல், நவீன ஓவியங்களின் ஏலத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்; பெரிய பணக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். 2018-இல் அபுதாபியில் காட்டப்போவதாகச் சொல்லித் தள்ளி வைத்தார்கள். 2019-இல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் நடத்திய லியொனார்டோ 500-ஆம் நினைவாண்டுக் கண்காட்சிக்கும் வரவில்லை. 2021-இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் தன் நூலில் அதை லியொனார்டோவின் சொந்த ஓவியங்கள் வரிசையில் வைக்காமல், பட்டறைப் படங்கள் இருக்கிற வரிசையில் வைத்தது.

இந்தச் சண்டைகளில் இன்னொரு சங்கடம் உண்டு. ‘இல்லை’ என்று வாய் திறந்தால் வழக்கு வரும். ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியரின் படங்களைச் சரிபார்க்க ஒரு குழு இருந்தது. ஏற்காத படங்களின் பின்பக்கத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். வழக்குகளின் செலவு தாங்காமல் 2012-இல் கடையைக் கட்டினார்கள். இப்போது பல நிபுணர்கள் தனியாகப் பேசும்போது ஒன்று சொல்வார்கள், எழுத்தில் கேட்டால் மௌனம்.

அப்படியானால் எந்தச் சண்டையும் தீர்வதே இல்லையா? தீர்ந்ததும் உண்டு. வான்கோவின் ‘மொன்மஜூரில் அந்திப்பொழுது’ என்ற படத்தை நார்வே தொழிலதிபர் ஒருவர் வாங்கியிருந்தார், போலி என்று யாரோ சொன்னதால் பரணில் போட்டுவிட்டார். 1991-இல் ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்திடம் காட்டியபோதும் ‘இல்லை’தான். அதே அருங்காட்சியகம் 2013-இல், ‘ஆமாம், அவருடையதுதான்’ என்றது. நிறமிச் சோதனையும் உதவியது, ஆனால் மனதை மாற்றியது காகிதம். 1888 ஜூலை 5 அன்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில், முந்தின நாள் மாலை வரைந்த காட்சியை வான்கோ அப்படியே விவரித்து, தனக்குத் திருப்தியாக வரவில்லை என்று புலம்பியிருக்கிறார். படத்தின் பின்பக்கத்தில் 180 என்று ஒரு எண். வான்கோ இறந்த 1890-இல் தம்பி வீட்டுப் படங்களைக் கணக்கெடுத்த பட்டியலில் அதே எண் இருந்தது. சால்வதோர் முண்டிக்கு அப்படி ஒரு கடிதமோ எண்ணோ இதுவரை அகப்படவில்லை. அதனால்தான் கட்டை விரலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வான்கோ கதையைச் சித்தப்பாவிடம் சொன்னது என் தப்பு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, லட்சுமி படத்தின் பின்பக்க அட்டை செல்லரித்துக் கிடந்ததைப் பார்த்து, மாற்றிவிடலாம் என்றேன். அதில் பென்சிலில் ஏதோ எண் எழுதியிருக்கிறதாம். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.