நாய்க்கு வாந்தி, எக்ஸ்ரேயில் சிறுகுடல் முழுக்க வாயு என்கிறார்கள். உடனே ஆபரேஷன் வேண்டுமா?

சென்னையில் நாய், பூனைகளின் எக்ஸ்ரேயைத் தினமும் பார்க்கிற கால்நடை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: வாயு தெரிகிறது என்பதற்காக மட்டும் வயிற்றைத் திறக்கக் கூடாது. மூச்சிரைக்கிற நாய், பயந்துபோன நாய் எல்லாம் காற்றை விழுங்கும். அது படத்தில் தெரியத்தான் செய்யும்.

குடல் வளையங்கள் எல்லாம் ஒரே பருமனாக இருக்கின்றனவா, இரண்டு விதமாக இருக்கின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எல்லாமே ஒரே அளவில் லேசாக உப்பியிருந்தால், பெரும்பாலும் குடலின் அசைவு குறைந்திருக்கிறது என்று பொருள். பார்வோ வைரஸ் தொற்று, கணைய அழற்சி, பொட்டாசியம் குறைவு இதெல்லாம் காரணமாகலாம். இதற்குக் கத்தி தேவையில்லை, டிரிப்ஸும் மருந்தும்தான். சில வளையங்கள் ஒல்லியாகவும் சில மிகப் பருமனாகவும் இருந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அடைப்புக்கு முன்னால் இருக்கிற குடல் உப்பும், பின்னால் இருப்பது காலியாகிச் சுருங்கும். நாயில் குடலின் விட்டத்தை ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்தோடு ஒப்பிடுவோம். 1.6 மடங்குக்குள் என்றால் பயமில்லை. 2 மடங்கைத் தாண்டினால் சந்தேகம் பலமாகும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காதது நூல். பிரியாணி பார்சலில் கட்டிய நூலை நாய் தின்னும், பூச்சரத்து நூலைப் பூனை தின்னும். இதில் குடல் உப்பாமலே இருக்கலாம். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல நூலைச் சுற்றிக் குடல் கொசுவிக்கொள்ளும். வாயு நீள வளையமாக இல்லாமல் காற்புள்ளி வடிவத்தில் துண்டு துண்டாக நிற்கும். பூனையின் நாக்கடியில் நூல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், தயவுசெய்து இழுத்துவிடாதீர்கள். குடல் கிழிந்துவிடும்.

மாங்கொட்டை, மெரினாவில் வீசிய சோளத்தக்கை போன்றவை ஒரே படத்தில் தெரியாமல் போகலாம். அதனால் இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க என மூன்று படமும் கேளுங்கள். இடது பக்கம் படுக்க வைத்தால் வாயு இரைப்பை சிறுகுடலோடு சேரும் கடைப்பகுதிக்கும் முன்சிறுகுடலுக்கும் ஏறி, அங்கே சிக்கியிருப்பதன் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். அப்போதும் தெளிவில்லையா? ஸ்கேன் எடுக்கலாம். நாய் தெம்பாக இருந்தால் டிரிப்ஸ் ஏற்றி, சில மணி நேரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாம். அதே வளையம் அதே இடத்தில் அப்படியே உப்பி நின்றால் அடைப்புதான் என்று நினைப்பேன்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷனோ காயமோ இல்லாத நாய்க்கு இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே வயிற்றறையில் காற்று தெரிந்தால், பெரும்பாலும் இரைப்பையோ குடலோ ஓட்டையாகியிருக்கிறது. அன்றைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.