கொசுறு

அன்புள்ள அண்ணா,

நண்பர்கள் சொல்லி 'ஃபயர் ஃபோர்ஸ்' பார்க்க ஆரம்பித்தேன். மனிதர்கள் திடீரென்று தீப்பற்றி எரியும் உலகில் ஒரு தீயணைப்புப் படையைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடர். கதை பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் படையில் இருக்கும் தமாகி என்ற பெண் வந்தாலே ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது, பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். "அனிமே என்றால் ஃபேன் சர்வீஸ், அதாவது ரசிகர்களுக்காக உடம்பைக் காட்டும் காட்சிகள், இருக்கத்தான் செய்யும், நீ ரொம்பக் கட்டுப்பெட்டி" என்கிறார்கள். நான் அப்படியா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

இல்லை. உங்களுக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம், கதையை நீங்கள் ஊன்றிப் பார்த்ததுதான்.

ஜப்பானில் 'சர்வீஸ்' என்றால் கடைக்காரர் காசு வாங்காமல் சேர்த்துக் கொடுப்பதையும் குறிக்கும். காய்கறி வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கேட்போமே, அந்தக் கொசுறுதான். 1995இல் வந்த 'எவாஞ்சலியன்' தொடரில், அடுத்த வார முன்னோட்டத்தை முடிக்கும்போது மிசாட்டோ என்ற பாத்திரம் "சர்வீஸ், சர்வீஸ்" என்று ஆசை காட்டும். காய் நன்றாக இருந்தது, அதனால் கொசுறைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கொசுறையே தராசில் வைத்து விற்கும் தொடர்கள் பிறகு நிறைய வந்தன. அவற்றை விடுங்கள், அங்கே ஏமாற எதுவும் இல்லை. எனக்கு வருத்தம் ஃபயர் ஃபோர்ஸ் போன்றவற்றின் மேல்தான்.

தமாகியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதுப் பெண். அவள் தெய்வமாக மதித்த மேலதிகாரி ரெக்கா, அவளைக் கொண்டே குழந்தைகளைத் திரட்டி அவர்களைத் தீக்கு இரையாக்கப் பார்க்கிறான். அது தெரிந்ததும் அடி வாங்கிக்கொண்டு அவன் முன்னால் நிற்கிறாள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணால் எப்படித் தூங்க முடியும்? யாரை நம்புவாள்? ஒரு முழுத் தொடருக்கான கேள்விகள் இவை. ஆனால் அவள் வரும்போதெல்லாம் கால் இடறுகிறது, உடை நழுவுகிறது, யார் கையோ எங்கேயோ படுகிறது. அதற்கு ஒரு பெயரும் வைத்து, அவளுடைய குணமே அதுதான் என்று ஆக்கிவிட்டார்கள். உயிர் போகிற சண்டையில்கூட விடவில்லை. எரிந்து மாய்ந்தவர்களுக்காகப் பிரார்த்திக்கும் காட்சிகளை அவ்வளவு நிதானமாக எடுத்தவர்களா இதையும் செய்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் கேமராவில் ஏதாவது தற்செயலாகப் பட்டுவிடலாம். அனிமேயில் தற்செயல் என்பதே கிடையாது. அந்த நழுவலை ஒருவர் யோசித்து, ஒருவர் வரைந்து, இன்னொருவர் அசைவுக்கு நடுவே வரும் இடைப்படங்கள் போட்டு, வேறொருவர் வண்ணம் தீட்டியிருக்கிறார். வாராவாரம் நேரத்தோடு மல்லுக்கட்டும் தொழில் அது. அந்த உழைப்பில் தமாகியின் முகத்தை இன்னும் இரண்டு நொடி வரைந்திருக்கலாம்.

வியாபாரக் காரணமும் உண்டு. பின்னிரவில் ஒளிபரப்பாகும் தொடர்கள் வெகுகாலம் டிஸ்க் விற்றுத்தான் போட்ட பணத்தை எடுத்தன. டிவியில் நீராவியாலும் வெள்ளை ஒளியாலும் மறைத்ததை டிஸ்க்கில் விலக்கிக் காட்டினார்கள். சரி, கடை நடக்க வேண்டும். அதற்காக ஒரு பாத்திரத்தையே பலி கொடுக்க வேண்டுமா?

உடம்பைக் காட்டுவதே தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். நவோகோ யமதா இயக்கி 2018இல் வந்த 'லிஸ் அண்ட் த ப்ளூ பேர்ட்' படத்தில் பார்வை அடிக்கடி கால்களுக்குத்தான் போகிறது. மிசோரே என்ற மாணவி, தோழி நொசோமிக்காகப் பள்ளிப் படிக்கட்டில் காத்திருக்கிறாள். வேறு யாரோ கடந்து போகிறார்கள். நொசோமி வருகிறாள். முன்னால் அவள் துள்ளி நடக்க, குதிரைவால் சடை ஆடுகிறது. அதைப் பார்த்தபடியே மிசோரே பின்னால் போகிறாள். வார்த்தை வராதபோது தன் முடியைப் பிடித்துக்கொள்வாள். அங்கே பார்ப்பது மிசோரேயின் கண். தமாகியைப் பார்க்கும் கண் அந்தக் கதைக்குள் யாருடையதும் இல்லை, சோபாவில் உட்கார்ந்திருப்பவருடையது. அதனால்தான் உங்கள் கை ரிமோட்டைத் தேடியது.

தங்கையோடு இந்தப் படத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் பேச்சு அதிகம் இருக்காது. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அந்தக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.