காதால் வெட்டுவோம்: பார்வையற்றோருக்கான வீடியோ எடிட்டிங் கேள்வி பதில்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சில வருடங்களாகப் பாட வீடியோக்களும் பேட்டிகளும் எடிட் செய்து வருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, மூன்று மென்பொருள் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் என்விடிஏ (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர்) 'பட்டன், பட்டன்' என்பதோடு சரி. எதில்தான் வேலை செய்ய முடியும்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

உங்கள் மேல் தவறே இல்லை தம்பி. பல எடிட்டர்களில் டைம்லைன், அதாவது வீடியோ துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை, திரையில் வரைந்த வெறும் படம். ஸ்க்ரீன் ரீடர் படிக்க அதில் எழுத்தே இருக்காது. நான் விண்டோஸில் ரீப்பர் பயன்படுத்துகிறேன். ஒலி எடிட்டிங்குக்கு வந்த மென்பொருள்தான். ஆனால் வீடியோவையும் வெட்டி ஒட்டி எம்பி4 ஆகத் தரும். கூடவே ஓசாரா என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த டிராக்கில், எந்தத் துண்டில், எத்தனையாவது வினாடியில் நிற்கிறீர்கள் என்பதை என்விடிஏ சொல்லிக்கொண்டே வரும்.

ஓசாராவைத் தொடங்கியவர் ஜேம்ஸ் தே. 2006இல் தொடங்கிய என்விடிஏவை மைக்கேல் கரனோடு சேர்ந்து வளர்த்தவரும் அவர்தான். இருவருக்குமே பார்வை இல்லை. நமக்கு எங்கே தடுக்கும் என்று தெரிந்து செய்திருப்பது முதல் நாளிலேயே புரிந்துவிடும். ரீப்பரை 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். ஓசாராவின் விசை அமைப்பையும் நிறுவியிருந்தால், எஃப்12 அழுத்திய பிறகு அடுத்து அழுத்தும் விசை என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லும். ரீப்பரில் வீடியோ திறக்கவில்லை என்றால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரை நிறுவுங்கள். ரீப்பர் 64 பிட் என்றால் அதுவும் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

ஐபோன் மட்டும் இருப்பவர்கள் அதன் ஸ்க்ரீன் ரீடரான வாய்ஸ்ஓவரோடு ஐமூவி என்ற எடிட்டிங் செயலியில் தொடங்கலாம்.

படத்தைப் பார்க்காமல் எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்? (தஞ்சாவூர் வாசகி)

எடிட்டிங் படப்பிடிப்பின்போதே தொடங்கிவிடுகிறது. பேசுபவர் தடுமாறினால் கேமராவை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு தடவை கைதட்டி, இரண்டு வினாடி சும்மா இருந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். எடிட் செய்ய உட்காரும்போது கைதட்டல் கேட்கும் இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். ஒரு தட்டு என்றால் பிழை, இரண்டு தட்டு என்றால் புதுத் தலைப்பு, மூன்று என்றால் இங்கே ஒரு புகைப்படம் வர வேண்டும். ஒரு மணி நேரப் பேட்டியில் இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமல்ல.

அடுத்தது மூச்சு. வாக்கியம் முடிந்து அடுத்த மூச்சு எடுப்பதற்கு முந்தைய அமைதியில் வெட்டுங்கள். மூச்சின் நடுவே வெட்டினால் காதுக்கும் உறுத்தும். பெரும்பாலும் தலை அசையும் நேரமும் அதுவே என்பதால் படமும் துள்ளும். அப்படியும் துள்ளும் இடங்கள் இருக்கும். அதனால் படப்பிடிப்பன்றே பேசுபவரின் கை, மேசை, அறை என்று நாலைந்து துணைக் காட்சிகள் எடுத்து வைத்துவிடுங்கள். வெட்டின் மேல் மூன்று வினாடி அதைப் போர்த்தினால் போதும்.

என்விடிஏ பேசும்போதெல்லாம் வீடியோவின் சத்தம் இறங்கிவிடுகிறது. (சேலம்)

ஆடியோ டக்கிங் இயங்குகிறது; தான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் என்விடிஏவின் வசதி அது. என்விடிஏ விசையோடு ஷிஃப்ட், டி அழுத்தி அணைத்துவிடுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கில் 12ஆவது வினாடியிலிருந்து வெட்டச் சொன்னால் 10இலிருந்தே வருகிறது. கட்டளை தவறா? (மென்பொருள் ஊழியர், சென்னை)

எஃப்எஃப்எம்பெக் தெரியாதவர்களுக்கு: கட்டளைகளை எழுத்தாகக் கொடுத்து வீடியோவைக் கையாளும் கருவி அது. உங்கள் கட்டளை சரிதான். கோடெக்கை 'காப்பி' என்று, அதாவது மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுக்கும்படி கொடுத்திருப்பீர்கள். வீடியோ கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. சில வினாடிக்கு ஒன்றுதான் முழுப் படமாக, அதாவது கீஃபிரேமாக இருக்கும்; இடையில் உள்ளவை மாற்றங்களை மட்டும் சொல்பவை. காப்பி முறையில் நீங்கள் சொன்ன வினாடிக்கு முந்தைய கீஃபிரேமிலிருந்துதான் வெட்டு விழும். காப்பியை எடுத்துவிட்டு மறுபடி என்கோட் செய்யவிடுங்கள். நேரம் எடுக்கும், வெட்டு சொன்ன இடத்தில் விழும்.

முடித்த வீடியோவில் படம் கெட்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பயம் போகவே இல்லை. (மதுரை வாசகர்)

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. ஒருமுறை முடித்துக் கொடுத்த வீடியோவில் பதினோரு இடத்தில் திரை கருப்பாக மின்னியது. அடியில் இசை ஓடியதால் என் காதுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு துண்டுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி விட்டிருக்கிறேன். பார்த்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு பிளாக்டிடெக்ட் ஓட்டாமல் எதையும் கொடுப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள வடிகட்டி அது. கருப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத்தாகத் தரும். இயல்பாக 2 வினாடிக்குக் குறைந்த கருப்பை அது கண்டுகொள்ளாது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 0.04 வினாடி. அந்த அளவுக்கு இறக்கி வைத்துவிடுங்கள். படம் உறைந்து நிற்பதைக் கண்டுபிடிக்க ஃப்ரீஸ்டிடெக்ட் உண்டு.

பிறகு பத்து வினாடிக்கு ஒரு படம் பிரித்தெடுத்து, பார்வையற்றோருக்கு உதவும் பி மை ஐஸ் செயலியின் செயற்கை நுண்ணறிவிடம் விவரிக்கச் சொல்வேன். அது இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும் என்பதால், கடைசியில் பார்வை உள்ள ஒருவர் பார்த்தாக வேண்டும். அவரிடம் 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது, முகம் தெளிவா, பின்னால் என்ன தெரிகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வீடியோவில் பதித்த தமிழ் சப்டைட்டிலில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதாகச் சொல்கிறார்கள். (கோயம்புத்தூர்)

எஃப்எஃப்எம்பெக்கில் படத்தின் மேல் எழுத்தைப் பதிக்கும் டிராடெக்ஸ்ட் வடிகட்டியில் எழுதியிருப்பீர்கள். அதன் பழைய பதிப்புகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. நோட்பேடில் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாக எழுதி, யுடிஎஃப்-8இல் சேமித்து, சப்டைட்டில்ஸ் வடிகட்டி வழியாகப் பதியுங்கள். எழுத்துருவாக நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கட்டும்.

நிறத் திருத்தம்? (திருச்சி)

நான் தொடுவதில்லை. அதற்கு ஆளை வைத்துக்கொள்கிறேன், காசும் கொடுக்கிறேன்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசை. முதலில் எதைக் கற்பிக்கலாம்? (ஆசிரியர், விழுப்புரம்)

வீடியோவை ஆறு மாதம் மறந்துவிடுங்கள் சார். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அவரவர் பாட்டியிடம் ஒரு கதை கேட்டுப் பதிவு செய்து, பத்து நிமிடத்தை மூன்று நிமிடமாக்கச் சொல்லுங்கள். எங்கே வெட்டியது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாத அளவுக்கு வந்த பிள்ளைக்கு, மறுநாளே ரீப்பரைத் திறந்து கொடுக்கலாம்.