4 வேன்களுக்கு டாஷ்கேம்: எதை வாங்குவது, ஓட்டுநர்களிடம் என்ன சொல்வது?

பட்டர்வொர்த்தில் 4 சரக்கு வேன்கள் வைத்திருக்கும் நீங்கள், எந்த டாஷ்கேம் (பயணத்தைப் பதிவுசெய்ய வண்டியின் முன்கண்ணாடியில் பொருத்தும் கேமரா) உகந்தது என்றும், "எங்களை வேவு பார்க்கவா?" என்று முறைக்கும் ஓட்டுநர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நம் வெயிலை நினையுங்கள். நண்பகலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய வேனுக்குள் லித்தியம் பேட்டரி உப்பிப்போகக்கூடும் என்பதால், பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டர் (வெப்பத்தை நன்கு தாங்கும் மின்சேமிப்பான்) உள்ள கருவியையே வாங்குங்கள். 4கே (மிகத் துல்லியமான படம்) என்ற விளம்பரத்தைவிட, இரவு மழையில் முன்னால் போகும் வண்டியின் எண் தெரிகிறதா என்பதே முக்கியம். வினாடிக்கு 15 மெகாபிட் வீதம் பதிவானால் 128 ஜிபி நினைவக அட்டை ஏறத்தாழ 19 மணி நேரத்தில் நிரம்பி, பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

சாலையை நோக்கும் கேமராவும் ஓட்டுநரின் முகத்தை நோக்கும் கேமராவும் ஒன்றல்ல. வண்டியை ஓரங்கட்டி, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி அவர் மனைவியிடம் கடன் தவணை பற்றிப் பேசுவதும் இரண்டாவதில் பதிவாகும். விபத்து விசாரணைக்கு அதனால் என்ன பயன்? ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். உட்புறக் கேமரா உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து.

வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் தனிநபர் தரவுகளுக்கு மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அச்சட்டப்படி, நோக்கத்தை விளக்கும் எழுத்துபூர்வ அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்; தேவை முடிந்த தரவுகளை அழித்துவிடவும் வேண்டும். ஓட்டுநர்களுக்குத் தமிழிலும் ஒரு படி கொடுத்து, அட்டையைக் கழற்றிப் பார்க்கும் உரிமை யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.