.22 ரைஃபிள் வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, எச்-1பி விசாவில் டெக்சஸின் டல்லாஸ் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், அலுவலக நண்பர்கள் ஒரு சனிக்கிழமை சுடுதளத்துக்கு அழைத்துச் சென்ற நாளிலிருந்து ரூகர் 10/22 என்ற .22 வகைச் சிறிய ரைஃபிள் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த மாடல் வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, எந்தப் பாகங்களை மாற்றினால் நன்றாக இருக்கும், எந்த ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) பொருத்துவது என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் விசாவில் இருப்பவர் அந்த ரைஃபிளைக் கையில் எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1998 முதல் தடை செய்திருக்கிறது. விதிவிலக்குகள் ஓரிரண்டு உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடியதைப் பின்னால் சொல்கிறேன். ‘வைத்திருப்பது’ என்ற சொல்லுக்கு வீட்டு அலமாரியில் பூட்டி வைப்பது என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள். வாடகைத் துப்பாக்கியைச் சுடுதளத்தில் அரை மணி நேரம் பிடித்திருந்தாலும் அது வைத்திருந்ததாகவே கணக்கு. மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்கு வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் குடியேற்றத் தகுதியை இழந்த ஒருவர், சுடுதளத்துக்குச் சென்று சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. உங்கள் விசா என்னவென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தத் தீர்ப்பு உங்களுக்கு அரணாக இருக்காது. இக்குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 2022இல் பதினைந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. தண்டனை குறைவாகவே கிடைத்தாலும், துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் பச்சை அட்டை என்னும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை வைத்திருப்பவரைக்கூட நாடு கடத்தலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1999 ஜனவரியில், இரண்டாயிரமாவது ஆண்டுக் கணினிப் பிரச்சினைக்காக ஆட்களை வாரிக்கொண்டு வந்த காலத்தில், ஹியூஸ்டனில் வந்து இறங்கினேன். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் தங்கினோம். என்னை அழைத்து வந்த நிறுவனம் வேலை இல்லை என்று பதினோரு வாரம் பெஞ்சில் உட்கார வைத்தது, சம்பளமும் தரவில்லை. முதல் வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும், ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைஃபிளில் சுட்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை மீண்டும் பெற வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இல்லை. கடைக்காரப் பெரியவர், துப்பாக்கி வாங்குவோர் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவத்தை நீட்டினார். குடியுரிமை எந்த நாடு என்ற இடத்தில் இந்தியா என்று எழுதியதைப் பார்த்தவர், என் விசாவை விசாரித்துவிட்டுப் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, ‘இதில் நீ கையெழுத்துப் போடாதே’ என்றார். நிறத்தைப் பார்த்துத்தான் விரட்டுகிறார் என்று எண்ணி, கண் கலங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அந்தப் படிவத்தில் பொய்யான பதில் எழுதிக் கையெழுத்திடுவதே தனிக் குற்றம் என்பதும், அந்த மனிதர் அன்று என் வாழ்க்கையைக் காப்பாற்றினார் என்பதும் எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்குத் தவறான வழி காட்டப்போகிறவர்கள் அவர்கள்தாம். ‘யாரும் கேட்பதில்லை, நான் நாலு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வார். ‘பச்சை அட்டை வைத்திருக்கும் அண்ணன் பெயரில் வாங்கிக்கொள், பணத்தை நீ கொடுத்துவிடு’ என்று இன்னொருவர் சொல்வார். பிறருக்காகத் தன் பெயரில் வாங்குவதும் கூட்டரசுக் குற்றம். 2022இல் அதற்கென்றே தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். அண்ணன் என்று நீங்கள் நம்பும் மனிதரையும் சேர்த்துச் சிறைக்கு அனுப்பும் யோசனை அது. வந்து மூன்று மாதத்தில் கையில் ரைஃபிளோடு படம் எடுத்து உறவினர் குழுவில் போடுகிறவர்களைக் காணும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தாங்களே தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தேதியிட்டுச் சேமித்து வைக்கிறார்கள்.

இப்போது விதிவிலக்கு. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் கூட்டரசுத் தடை உங்களைக் கட்டுப்படுத்தாது. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டையாட வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும்; உங்கள் வயதுக்கு அது கட்டாயம், முயல் பிடிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த வகுப்பு பயனுள்ளதுதான். ஆனால் டெக்சஸ் உரிமத்தை எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று அது முடிந்துவிடும். செப்டம்பர் முதல் தேதி புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் சும்மா கிடக்கும் ரைஃபிளே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். திருமணமாகி மனைவி எச்-4 விசாவில் வந்தால், துப்பாக்கிப் பெட்டியின் சாவி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அவருக்கும் அதே தடைதான். இந்த வழியில் போக நினைத்தால் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசுங்கள். நான் அந்த வழியையே எடுக்கவில்லை. 2007 ஜூலையில் வேலைவழிப் பச்சை அட்டை வரிசையில் எல்லாருக்கும் கதவு திறந்தபோது விண்ணப்பித்து, 2010இல் பச்சை அட்டை தபாலில் வந்த வாரத்தில்தான் என் 10/22ஐ வாங்கினேன். பதினோரு ஆண்டு காத்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வேலை நிமித்தம் மாநிலம் மாறுவது நம் பிழைப்பில் சாதாரணம் என்பதால் இதையும் மனத்தில் வையுங்கள். டெக்சஸில் மாநில அனுமதிச் சீட்டு தேவையில்லை. நியூஜெர்சியில் வாங்குவோர் அடையாள அட்டையும், இல்லினாயில் உரிமையாளர் அட்டையும் வேண்டும். கலிஃபோர்னியாவில் பணம் கட்டிய பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை அங்கே கொண்டுபோகக் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம், இந்தச் சிறிய ரைஃபிளையும் பெரிய அரைத் தானியங்கி வகைகளோடு ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டது.

எந்த மாடல் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1964 முதல் விற்பனையில் இருக்கும் 10/22இன் சாதாரண கார்பைன் (குட்டை ரைஃபிள்), பதினெட்டரை அங்குலக் குழலும் தோளில் ஊன்றும் மரக்கட்டையும் உள்ளது, போதும். எடை ஐந்து பவுண்டு அளவில்தான் இருக்கும். பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. இதன் தோட்டா ரிம்ஃபயர் வகை. அது என்ன என்று கேட்பீர்கள். தீபாவளிக்குச் சுத்தியலால் தட்டும் பொட்டு வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து தோட்டாவின் அடிப்பகுதி விளிம்புக்குள் வளையமாகப் பரவியிருக்கும். ஊசி விளிம்பைத் தட்டினால் அது பொறி கொடுக்கும். விளிம்பில் எங்கேனும் மருந்து சரியாகப் பரவாமல் போனால் தோட்டா வெடிக்காது. அப்போது பதறி, தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை இழுக்காதீர்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடி காத்திருந்த பிறகு வெளியே எடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து ‘புஸ்’ என்று கேட்டால் சுடுவதை நிறுத்திவிட்டு, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய தோட்டாதானே என்று அலட்சியமும் வேண்டாம்; ஒன்றரை மைல் தொலைவு வரை அபாயம் என்று பல பெட்டிகளிலேயே அச்சிட்டிருக்கும்.

பராமரிப்பில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ரைஃபிளைவிட உங்கள் கையைப் பற்றியது. .22 குண்டுகளில் பல மெழுகு தடவிய வெறும் ஈயம். விளிம்பு மருந்திலும் பொதுவாக ஈயச் சேர்மம் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தத் தூசி விரலிலும் சட்டையிலும் படிகிறது. இங்குள்ளவர்கள் முள்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். நாமோ கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், அதே கையால் குழந்தைக்கும் ஊட்டுகிறவர்கள். சுடுதளத்திலேயே குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் முழங்கை வரை கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடையைத் தனியே துவைக்கப் போட்டுவிட்டுக் குளித்த பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். துப்பாக்கியைத் துடைக்கும் துணியும் தூரிகையும் சமையலறைப் பக்கமே வரக் கூடாது. கூடச் சுடும் நண்பர்கள் தளத்திலேயே பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிடுவதைப் பார்த்துத் தடுத்திருக்கிறேன். சிலர் வருத்தப்பட்டார்கள், ஆனாலும் நிறுத்தினார்கள்.

ரைஃபிளுக்குத் தேவையானது குறைவு. மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையத்தின் திருகைத் தளர்த்தி வளையத்தை எடுத்துவிட்டு, கட்டையின் திருகைக் கழற்றினால் குழலும் உலோகப் பாகங்களும் வெளியே வந்துவிடும். இரண்டு ஊசிகளைத் தள்ளினால், விரலால் இழுக்கும் விசையைத் தாங்கும் விசைக் கூடு கழன்றுவிடும். அந்த நேரத்தில் போல்ட்டை நிறுத்தும் தடித்த ஊசி பிடிமானம் இல்லாமல் தானாக நழுவி விழும். கீழே வெள்ளைத் துண்டு விரிக்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். போல்ட்டின் முகத்தையும், காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியின் அடியையும் பல்குத்தும் குச்சியால் சுரண்டித் துடைத்தால், சிக்கிக்கொள்ளும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதிகமானால் எரியாத மருந்தோடு சேர்ந்து களிம்பாகிவிடும். இந்த ரைஃபிளின் பின்புறம் மூடியிருப்பதால் பின்பக்கமிருந்து கம்பி விட முடியாது. பலர் முன்வாய் வழியாகக் கம்பியைக் குத்தி, குழலின் வாய் விளிம்பைத் தேய்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். பின்பக்கம் போட்டு முன்பக்கம் இழுக்கும் கயிற்றுத் தூரிகை வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் எப்போதாவது பயன்படுத்தினால் போதும். ஹியூஸ்டன் காற்று தூத்துக்குடிக் காற்றைப் போல இரும்பைத் தின்றுவிடும். டல்லாஸில் அந்தத் தொல்லை குறைவு. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ரைஃபிளைத் துடைப்பது வழக்கம். சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேல்தான், எஃகின் மேல் அல்ல. பெட்டியை எப்போதும் பூட்டியே வையுங்கள். பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாக வைப்பது டெக்சஸில் குற்றம்.

பாகங்களை மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தொழிற்சாலை விசை கொஞ்சம் கனமாக இருக்கும். ரூகர் நிறுவனத்தின் பி.எக்ஸ். விசைக் கூடு இரண்டு ஊசியில் மாறிவிடும், அது காசுக்குத் தகும். குழலை இரண்டு திருகுகளே பிடித்திருப்பதால் அதையும் வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் தடித்த குழல் வாங்கினால் கட்டையையும் மாற்ற வேண்டிவரும். பதினாறு அங்குலத்துக்குக் குறைவான குழலைக் கையால்கூடத் தொடாதீர்கள். 1934ஆம் ஆண்டுக் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் அது வேறு வகை ஆயுதம். ஸ்கோப் முதலாண்டு வேண்டவே வேண்டாம். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, இருபத்தைந்து கஜத்தில் தாள் முழுக்கச் சிதறவிட்டு, அடுத்த ஆண்டே விற்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ரைஃபிளோடு வரும் இரும்புக் குறியில் என் ஐந்து குண்டுகளும் இன்றைக்கும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன. எங்கள் மன்றத்தில் டெக்சஸ் பிள்ளைகளுக்கு நான்தான் படுத்துச் சுடக் கற்றுக்கொடுக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதெல்லாம் பாளையங்கோட்டையில் எங்கள் ஹவில்தார் சொன்னவை. 1993இல் ஒரு மாணவனுக்கு ஐந்து தோட்டா கொடுப்பார்கள். சுட்டு முடித்ததும் ஐந்து காலித் தோட்டாவையும் அவர் தொப்பியில் போட வேண்டும். ஒரு நாள் எங்கள் வரிசையில் ஒன்று குறைந்தது. வெயிலில் நாற்பது பேரும் முழங்காலிட்டு, செம்மண்ணை விரலால் அளைந்து தேடினோம். ஒரு மணி நேரம் கழித்து ஒருவனின் சட்டை மடிப்பில் கிடைத்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவிட்டார். இங்கே ஐந்நூறு தோட்டாவைச் செங்கல் போல ஒரே பெட்டியில் விற்கிறார்கள். காலித் தோட்டாவைத் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். நான் மட்டும் இன்னமும் எண்ணித்தான் எடுத்துவைக்கிறேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் இந்தியாவில் வழக்கு வரும். சுடுதளத்துக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே ஊருக்கும் கொண்டுபோய், அதன் தையலுக்குள் கிடந்த சுடாத .22 தோட்டா ஒன்றால், தந்தையின் காரியத்துக்குப் போக வேண்டிய என் நண்பர் ஒருவர் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்பட்டார். காரியம் அவர் இல்லாமலே நடந்தது. தெரியாமல் கிடந்தது என்று நீதிமன்றம் பின்னர் ஏற்றுக்கொண்டது, ஆனால் அதற்குள் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. ஆகவே சுடுதளத்துக்கென்று ஒரு பை வாங்குங்கள், அது காரின் பின்பெட்டியைத் தாண்டி வேறெங்கும் போகக் கூடாது. இதுவரை போன அந்த ஒரு சனிக்கிழமைக்கு எந்தப் பையைக் கொண்டுபோனீர்கள் என்று இன்றிரவே யோசித்து, அதன் எல்லா அறைகளையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள்.